தகரக் குழி

“வீட்டுல யாரும் இல்லைங்க. அங்க தோண்டி நேரத்தை வீணாக்காதீங்க!”

வில்ஃப்ரெட் சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து, மீட்பு ஆட்களின் கூடையைப் பிடித்து நிறுத்தினான்.

அவன் வீடு இருந்த இடத்தில் செங்கல் குவியல்தான் இருந்தது. பின்சுவர் அப்படியே தோட்டத்தின் மேல் சாய்ந்து கிடந்தது. ரயில்வே யார்டில் இரவு வேலை முடித்து, வழக்கம்போலத் தெரு முனையில் மணியடித்துக்கொண்டே திரும்பியவனுக்கு அதற்குப் பிறகுதான் புழுதி கண்ணில் பட்டது.

“உங்க சம்சாரம் எங்க தம்பி படுப்பாங்க?” என்றார் குழுத் தலைவர் கெர்ஷா.

“தோட்டத்துல, தகரக் குழியில. குண்டுக்குப் பதுங்க நானே வெட்டினது.”

“வார்டனும் அதையேதான் சொன்னாரு.”

“அவர்கிட்ட சொல்லிவெச்சதே நான்தான்.”

குண்டு விழ ஆரம்பித்த அந்த இலையுதிர் காலத்தில், லண்டனில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று தெரு வார்டனிடம் சொல்லிவைப்பது வழக்கம். வீடு விழுந்தால் எங்கே தோண்டுவது என்று தெரிய வேண்டுமே.

கெர்ஷா கையை உயர்த்தினார். லாரி இன்ஜின் நின்றது. மண்வெட்டிகள் நின்றன. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

டொக்... டொக்...

“மாடிப்படிப் பக்கம் இருந்து வர்ற மாதிரி இருக்கே,” என்றார் கெர்ஷா.

“குழாய் வழியா வர்ற சத்தம்ங்க. தோட்டத்துக் குழாய் அந்தப் படிக்கு அடியிலதான் போகுது. அவ குழியிலதான் இருக்கா. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கா.”

“பாதி ஆளை இங்க விடட்டுமா?”

“வேணாங்க! எல்லாரும் தோட்டத்துக்கு வாங்க. குழிக்குள்ள காத்து தீர்ந்துடும்.”

செங்கல்லை வெறும் கையாலேயே வாரி எறிந்தான் வில்ஃப்ரெட். மண்ணைத் தோண்டி, வளைந்த தகரத்தை மேலே கவிழ்த்து அவன் அந்தக் குழியைக் கட்டியபோது மனைவி ஐவி செய்த கேலி காதுக்குள் கேட்டது. “கல்யாணத்தப்ப அரண்மனை கட்டித் தரேன்னு சொன்ன. இப்ப என்னடான்னா தவளைக்குப் பக்கத்துல படுக்கப் போடுற!”

தினமும் அதற்காகச் சண்டை. ‘நீ அங்கே படுப்பேன்னு சொல்லு, இல்லேன்னா வேலைக்கே போகமாட்டேன்’ என்று ஒரு சாயங்காலம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குத்தான் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் தோட்டத்துக்குப் போய்த் தகரத்தைத் தட்டுவான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கொட்டாவி விட்டபடி வெளியே வருவாள். குனிந்து அவள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பான். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிபோலக் கதகதவென்று இருக்கும்.

“பாத்தியா, குளிரே இல்ல. யாரு வெட்டின குழி!” என்பான். யார்டு முழுக்க அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டும் இருந்தான்.

வெயில் ஏறியபோது தகரம் தெரிந்தது. வாசல் பலகையைப் பெயர்த்ததும் தலைகீழாக உள்ளே பாய்ந்தான்.

“ஐவி! ஏய், ஐவி!”

தகரம் ஓரிடத்தில்கூட நசுங்கியிருக்கவில்லை. பலகைக் கட்டிலில் கம்பளி மட்டும் மடித்தபடி கிடந்தது. தலைமாட்டில் அவன் வாங்கி வைத்த மெழுகுவத்தி நின்றது. திரி இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். “ராத்திரி வேற எங்கயாச்சும் போயிருப்பாங்களோ...”

“வேற எங்கய்யா போவா?” என்று கத்தினான். ஆனால் அந்த வார்த்தை உள்ளே புகுந்துவிட்டது. புருஷன் விடிய விடிய யார்டில். கொடுத்த சத்தியம் காற்றில். எவன் வீட்டில் படுத்திருந்தாளோ! முகம் எரிந்தது. வேர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தான்.

கெர்ஷா மறுபடி கையை உயர்த்தினார். தெரு அடங்கியது. இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மிசஸ் பிராட்லி முதலுதவி நிலையத்திலிருந்து தலையில் கட்டோடு திரும்பி வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, திறந்து கிடந்த குழியைப் பார்த்தாள். சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தாள். ஒருவர்கூட இல்லாத செங்கல் குவியலைப் பார்த்தாள்.

“ஐயோ, எல்லாரும் இங்க என்ன பண்றீங்க?”

“எங்க போனா அவ? உங்களுக்குத் தெரியும்ல? எத்தனை நாளா என்னை ஏமாத்துறா?”

மிசஸ் பிராட்லி மாடிப்படி இருந்த பக்கம் கையை நீட்டினாள்.

“உன் சைக்கிள் மணி கேட்டாத்தான்டா அவ குழிக்கே ஓடுவா.”