புதுப் பஞ்சு

சன்னல் வழியே விழும் பிற்பகல் வெயில், மேசை மேல் கிடக்கும் ஒப்புதல் தாளைப் பாதிவரைதான் தொடுகிறது. தையற்காரர் தம் சட்டைக் கையில் ஒட்டிய நீல நூலைப் பிய்த்தெடுக்கப் பார்க்கிறார். அது வர மறுக்கிறது. கதையில் வரும் அரக்கனின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் பத்திரமாக இருக்கும். அவருடைய பத்து மாத மகளின் உயிரோ, ரத்தப் பெருங்குழாய்கள் இரண்டும் இடம் மாறி அமைந்த, அவள் கைப்பிடி அளவே ஆன இதயத்தில் இருந்தது. இன்று காலை அறுவை மேசையில் அது நின்றுவிட்டது. குழாய்களை மாற்றிப் பொருத்தும் இந்த அறுவை இந்த மருத்துவமனையில் நடந்தது இது மூன்றாம் முறை. மூன்று குழந்தைகளும் பிழைக்கவில்லை.

“தையல் விட்டுப்போச்சா டாக்டர்?” என்கிறார் தையற்காரர். எதிரே அமர்ந்திருக்கும் அறுவை மருத்துவர் தலையசைக்கிறார். “இல்லீங்க. இதயத்துக்கே ரத்தம் குடுக்குற சின்னக் குழாயை மாத்தி வெச்சேன். அது முறுக்கிக்கிச்சு.” “சட்டைக் கையத் திருப்பி வெச்சுத் தைச்ச மாதிரி.” “அப்படித்தான். என் தப்பு. அந்த இதயத்தை எங்ககிட்ட விட்டீங்கன்னா பிரிச்சுப் பாத்துக் கத்துக்குவோம். திங்கக்கிழமை இதே ஆபரேஷனுக்கு இன்னொரு குழந்தை வருது.” தவறாகத் தைத்ததைப் பிரித்துப் பார்த்துத்தான் தையற்காரரும் தொழில் கற்றார். ஆனால் துணியை மறுபடி வாங்கிவிடலாம். அவர் பேனாவை எடுக்கிறார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவர் மனைவி, குழந்தையின் குல்லாயைக் கசக்கியபடி கேட்கிறாள்: “எடுத்துட்டா அந்த இடத்துல என்ன வைப்பீங்க?” மருத்துவர் தரையைப் பார்க்கிறார். “பஞ்சு வைப்போம்மா.” தையற்காரர் கையெழுத்திட்டுத் தாளை நீட்டுகிறார், விரலை மட்டும் அதிலிருந்து எடுக்கவில்லை. “புதுப் பஞ்சா வைங்க டாக்டர். தலகாணிக்கு நாங்க தைச்சு மிஞ்சின வெட்டுத்துணியத்தான் அடைப்போம். அவளுக்கு அது வேண்டாம்.”