மத்தியான மணி

மாதா கோயில் உபதேசியார் வியாகப்பன், பல்வலிக்காரர் மாதிரி துண்டைத் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பெந்தெகொஸ்தே ஜெபக்கூடத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

எப்போதும் கழுத்தில் கிடக்கும், மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு இப்போது சட்டைப்பைக்குள் இருந்தது. கையில் ஜிப் வைத்த கறுப்பு வேதாகமம். அதுவும் இரவல்.

ஏரலுக்கு மேற்கே, வாழைத்தோட்டத்துக்கு இந்தப் பக்கம் தகரம் போட்ட ஜெபக்கூடம். அந்தப் பக்கம் மாதா கோயில்.

கோயிலில் காலைப் பூசைக்கு வரும் கூட்டம் மாதத்துக்கு மாதம் மெலிந்துகொண்டே வந்தது. இங்கே ஆராதனைக்குச் செருப்பு விட இடமில்லை. வாழைக்குள் புகுந்து ஆள் இந்தப் பக்கம் வருவது ஊருக்கே தெரியும். யார் யார் என்பதுதான் பங்குச் சாமியாருக்குத் தெரிய வேண்டும்.

“போய்ப் பாத்துட்டு வாரும், உபதேசியாரே. மாட்டிக்கிட்டீருன்னா நான் அனுப்பல.”

மாட்டினால் வேலை போகும். கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கும் வீடும் போகும். அதைவிட, வேவு பார்க்க ஆள் வந்தது என்று தெரிந்தால், கிறிஸ்துமஸுக்காவது தலைகாட்டுகிற குடும்பங்கள் ஒரேயடியாகக் கோயிலுக்கு முழுக்குப் போட்டுவிடும். இரண்டு நாளாக வியாகப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

தப்பிக்க ஒரே வழி, சிலுவை போடாமல் இருப்பது. இங்கே யாரும் நெற்றியில் கை வைப்பதில்லை. ஜெபம் என்றால் இரண்டு கையையும் மேலே தூக்குவார்கள், அவ்வளவுதான்.

நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று நினைவு தெரிந்த நாளிலிருந்து பழகிய கையை அவர் நம்பவில்லை. தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு முதுகுகளை நோட்டம் விட்டார். முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் சபீதா. கோயிலில் மே மாதம் முழுக்கத் தெருவையே கூட்டிவைத்து ஜெபமாலை சொல்ல வைப்பவள். இங்கே நகை ஆகாது என்று கம்மலைக்கூடக் கழற்றியிருந்தாள்.

மேடையில் பாஸ்டர் கிருபைராஜ் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். பழைய பெயர் பலவேசமாம், சுடலை கோயில் சாமியாடியாம். அந்தச் சாட்சி பிளெக்ஸ் பேனராக ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸ்டாண்டு வரைக்கும் நின்றது.

“இரட்சிக்கப்படுத நாள் வரைக்கும் ஒரு சர்ச்சு வாசப்படிய மிதிச்சவன் இல்ல நான்! ஒரு ஜெபம் தெரியாது எனக்கு!”

அல்லேலூயா என்றது கூட்டம். கீபோர்டு முழங்கியது. நல்ல குரல், நல்ல தாளம். வியாகப்பனுக்கே கால் ஆடியது.

கை மரத்துவிட்டது. வெளியே எடுத்து உதறிக்கொண்டார். இனி என்ன பயம்? பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால்தான் ஆபத்து; அதைக் கேட்டால் எங்கே இருந்தாலும் சிலுவை போட்டு ஜெபம் சொல்லிப் பழகிய கை. மணி அடிக்கிறவரே இங்கே அல்லவா உட்கார்ந்திருக்கிறார்.

அப்போது மணி அடித்தது.

வாழைத்தோட்டத்தைத் தாண்டி வந்து, தகரத்தில் மோதி, கணீரென்று.

யார் அடிக்கிறது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் கை நெற்றிக்குப் போய்விட்டது. நெஞ்சு, இடது தோள், வலது தோள். எல்லாம் முடிந்தது. வீடு போச்சு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒருவரும் சத்தம் போடவில்லை.

பைய ஒரு கண்ணைத் திறந்தார்.

சபீதாவின் கை தோளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம், போன திருவிழாவுக்குச் சப்பரம் தூக்கியவர்களின் கைகளும் இறங்கிக்கொண்டிருந்தன. பாதிக் கூடம் அப்படி. யாரோ ஒருத்தி “அருள் நிறைந்த மரியே” என்று ஆரம்பித்து, சட்டென்று இருமி மழுப்பினாள்.

மேடையைப் பார்த்தார்.

சாமியாடிப் பலவேசத்தின் கை, நெற்றியும் நெஞ்சும் தொட்டு, இடது தோளில் வந்து நின்றுகொண்டிருந்தது. ஏனோதானோ என்று போட்ட சிலுவை இல்லை. பூசைக்கு உதவும் பீடச் சிறுவர்களுக்கு வியாகப்பன் சொல்லிக்கொடுப்பாரே, அந்தச் சுத்தமான சிலுவை.

இருவர் கண்ணும் சந்தித்தன. பாஸ்டர் தோளிலிருந்த கையை அப்படியே சட்டைப்பைக்கு இறக்கி, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்து வாசலில் எல்லோருக்கும் கை கொடுத்தவர், இவர் கையை மட்டும் சீக்கிரம் விடவில்லை.

“வெயிலு என்ன போடு போடுது, அண்ணாச்சி. நெத்தியெல்லாம் வேர்த்துட்டு.”

“எனக்கும்தான், பாஸ்டர்.”

அதோடு ஒப்பந்தம் முடிந்தது. வாழைக்குள் நடந்து வரும்போது வியாகப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, ஏனோ நெஞ்சும் நிறைந்திருந்தது. ஒருத்தர் பெயரையும் சொல்வதில்லை, நடப்பது நடக்கட்டும் என்று முடிவு செய்தார்.

சாமியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கமில்லாத வழக்கமாக, இடது கையில் கரண்டி பிடித்து.

“நம்ம ஆளுக யாரு யாரு இருந்தா?”

“ஒருத்தரும் இல்ல, சாமி.”

சாமியார் கோபப்படவில்லை. ரசத்தைக் கரண்டியால் அள்ளிக் குடித்தார்.

“மணிச் சத்தம் அங்கன வரைக்கும் கேட்டுச்சா?”

வியாகப்பன் அப்போதுதான் கவனித்தார். மேசைமேல் மல்லாந்து கிடந்த சாமியாரின் வலது உள்ளங்கை, மணிக்கயிறு உரசிச் சிவந்து கன்றிப்போயிருந்தது.

“கேட்டுச்சு, சாமி.”

“அப்ப சரி. அடுத்த ஞாயித்துக்கிழமையும் நீரு அங்கனயே போயி உக்காரும். மணிய நான் பாத்துக்கிடுதேன்.”