பத்து முதல் நாலு வரை

"சாமிக்குப் பாட்டுப் போட்டா அந்த வெள்ளைக்காரம்மாவுக்குப் பகல் தூக்கம் கெட்டுப் போவுதாம்!"

டீக்கடையில் பொரிந்து தள்ளினார் ஆடித் திருவிழாக் கமிட்டித் தலைவர் ஆதிமூலம். "காலையில பத்துலேருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் ஸ்பீக்கரை நிறுத்தலன்னா ஸ்டேஷனுக்குப் போவேன்னுச்சுய்யா. நிறுத்தி மூணு நாளாவுது. செஞ்சிக்கு வந்து நாலு வருஷம், நம்ம மலைப் புல்லு பூண்டை வரைஞ்சிக்கினு குந்தியிருக்குது. அதுக்குள்ள நாட்டாமை!"

சேரன் டீயை உறிஞ்சினான். பெங்களூருக்கு நைட் பஸ் ஓட்டுகிறவன். பகலில்தான் தூக்கம். போன வாரம் கிருஷ்ணகிரி தாண்டி ஒரு நொடி கண் சொருகி, லாரியின் பின்னால் மோதாமல் மயிரிழையில் தப்பித்தான். ஸ்பீக்கர் கட்டியிருந்தது அவன் வீட்டு வாசல் கம்பத்தில். ஆனால் ஆதிமூலம் சித்தப்பா முறை. எப்படி வாயைத் திறப்பது?

இந்த மூணு நாளாகத்தான் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறான்.

இருந்தும் சொன்னான். "நம்ம ஊரு புடிக்கலன்னா அது ஊருக்கே போவட்டும் சித்தப்பா."

கடையே சிரித்தது.

"அடுத்த வூடுதானே உனக்கு? கூழ் குடுக்கற சாக்குல போயி நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வா."

கூழ்த் தூக்கோடு போனான். கதவு திறந்தே இருந்தது. இங்கிரிட் அம்மா முதுகைக் காட்டியபடி ஏதோ செடியை வரைந்துகொண்டிருந்தார்.

"அம்மா!"

பதிலில்லை.

"யம்மோவ்!"

தூக்கை 'ணங்'கென்று தரையில் வைத்தான். அசையவில்லை. கொழுப்பைப் பார் என்று நினைத்தபடி எதிரே போய் நின்றான்.

திடுக்கிட்டு நிமிர்ந்தவர், மேஜையிலிருந்து சுண்டைக்காய் அளவில் எதையோ எடுத்துக் காதில் மாட்டினார்.

"மன்னிச்சுக்கோ தம்பி. மெஷின் இல்லன்னா எனக்கு இடி இடிச்சாலும் கேக்காது."

சேரன் அந்த மெஷினையே பார்த்தான். "அப்ப... ஸ்பீக்கரு?"

"உன் பொண்டாட்டி அன்புக்கரசி வந்து அழுதுச்சு. வண்டி ஓட்டும்போது உனக்குக் கண்ணு சொருகுதுன்னு. இப்பத் தூங்குறியா?"

தலையாட்டினான். நிமிர முடியவில்லை.

"ஊரே உங்களைத் திட்டுதும்மா..."

"இங்க உள்ளாளு கேட்டா ஆயுசுக்கும் பகை. வெளியாளு கேட்டா நாலு நாளு திட்டுவாங்க, அவ்ளோதான்."

காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

"அந்த நாலு நாளும் இதைக் கழட்டி வச்சிட்டாப் போச்சு."