மூன்றாவது குறிக்கோள்

ஆசிரியர் அறை நாற்காலியில் உட்கார்ந்ததுமே பயிற்சி ஆசிரியைக்குக் கண் சொக்கியது. விடியுமுன் எழுந்து சமைத்து, இரண்டு டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். இனி ஒரு வருடம் இதே ஓட்டம்தான்.

வழிகாட்டி ஆசிரியை அவளுடைய படிவத்தைப் பிரித்தாள். அந்தப் பள்ளியில் கணக்குப் பாடத்துக்கு இருக்கும் ஒரே ஆசிரியை இந்த வழிகாட்டிதான்.

“தனிப்பட்ட குறிக்கோள்கள். ஒண்ணு, தாமதமா வர மாட்டேன். சரி. ரெண்டு, பிள்ளைங்ககிட்ட கத்த மாட்டேன்.” பேனா நின்றது. “இது உங்களால முடியாது.”

“முயற்சி பண்றேன் மேடம்.”

“கோபம் வந்தா உங்க கை ஸ்கேலைத்தான் தேடும். இங்க அதெல்லாம் ஆகாது.”

முதல் நாளே இப்படியா என்றிருந்தது.

“மூணாவது காலியா இருக்கே. எழுதுங்க.”

கொட்டாவியை அடக்கிக்கொண்டு எழுதி நீட்டினாள்.

‘பள்ளிக்கூடத்தில் வழிகாட்டி ஆசிரியையைப் பாப்பா என்று கூப்பிட மாட்டேன்.’

வழிகாட்டி ஆசிரியை கையெழுத்துப் போட்டாள். அறையில் வேறு யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்:

“அம்மா, அதுல ஒரு டப்பா எனக்குத்தானே?”