இண்டூரின் முதல் ஷவர்

"சுவத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல என் விரலே போவுது. இதுக்குப் பேரு வேலையாங்க பாய்?"

குப்புராஜ் போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த எருமை திரும்பிப் பார்த்தது.

கொத்தனார் அன்வர் பாஷா பாத்ரூம் மூலையில் குந்தியிருந்தார். இரண்டு சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை சந்து விட்டிருந்தது. டைல்ஸ் இடுக்கில் அடைத்திருந்த வெள்ளை சிமெண்டை நகத்தால் சுரண்டினார். மாவு மாவாக உதிர்ந்தது.

இண்டூரிலேயே டைல்ஸ் ஒட்டி ஷவர் வைத்த முதல் வீடு இது. பெங்களூர் மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வருவார் என்று ஐந்து மாதத்துக்கு முன்பே கட்டியது.

"தீபாவளிக்கு எட்டே நாளுங்க. மாப்பிள்ளை இதப் பாத்தா என் மானம் என்னாவறது?"

குப்புராஜின் மானம் போக எட்டு நாள் இருந்தது. பாஷாவின் மானமோ அப்போதே போய்க்கொண்டிருந்தது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ் கட்டும் வெங்கடாசலம், பன்னிரண்டு பாத்ரூம் வேலையைப் பாஷாவிடம் கொடுக்கும் முன் அவர் கைவேலையைப் பார்க்க வந்து நின்றிருந்தார்.

"கலவையில மண்ணு கூடிப்போச்சோ?" என்றார் வெங்கடாசலம்.

"அல்லா சத்தியமா இல்லீங்க. அளந்துதான் போட்டேன்."

"அப்புறம் எப்படிப் பிரியுது?"

பாஷாவுக்கே விளங்கவில்லை. இருபது வருஷத்தில் அவர் பூசிய சுவர் எதுவும் இப்படிக் காலை வாரியதில்லை.

"அண்ணே, ஆசிட் ஊத்திக் கழுவினீங்களா?"

"ஆசிடா? வாரம் தவறாம என் பொஞ்சாதி காஞ்ச துணிய வெச்சுத் தொடைக்கறா. கோயிலாட்டம் வெச்சிருக்கோம்."

"கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஏதாச்சும்..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! பழிய எங்க மேல போடாதீங்க."

வெங்கடாசலம் செருப்பை மாட்டினார். "நான் சேலத்துலருந்தே ஆள வரச் சொல்லிக்கறனுங்க."

பாஷா மூலையை விட்டு எழுந்தார். லாட்ஜ் வேலை போனால் போகட்டும். இந்தப் பேச்சு பரவினால் நல்லம்பள்ளி வரைக்கும் இனி யார் அவரைக் கூப்பிடுவார்கள்?

"பூராத்தையும் பேத்துட்டுப் புதுசா பண்ணித் தரேங்க, அண்ணே. காசு வேணாம்" என்றார் மெல்ல.

மோர்ச் சொம்போடு வந்த குப்புராஜின் மனைவி ராணியம்மாளுக்கு அதிலும் ஆறவில்லை.

"சும்மா பூட்டி வெச்சப்பவே இப்படின்னா, மாப்பிள்ளை குளிச்சா வூடே இடிஞ்சு வுழுமாட்டம் இருக்குதே! சிமெண்டு இறுகணும்னு இந்தப் பாய் அன்னைக்கே பத்து நாள் தண்ணி ஊத்தி நனைக்கச் சொல்லிட்டுப் போனாரு. நான் விடுவனா? தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைதான் மொதல்ல நனையணும்னு, கட்டின நாள்லருந்து இதுல ஒரு சொட்டுத் தண்ணி படவுட்டதில்லீங்க!"

வாசல்வரை போய்விட்ட வெங்கடாசலம் திரும்பி வந்தார்.

"பாய், நாளைக்கே லாட்ஜ் வேலைய ஆரம்பிச்சுடுங்க. நனைக்கற வேலைய மட்டும் நானே நின்னு பாத்துக்கறேன்."