கலையாத மடிப்பு

எங்கள் மாஸ்டரும் ஜால்ரா அடிப்பார் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தையல் கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். வாசலுக்கு மேலே மாட்டியிருந்த டிவியில் ராணுவ அதிகாரி ஒருவர் காக்கிப் பை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். எதிரியின் முகாமுக்குள் புகுந்து நம் வீரர்கள் எடுத்து வந்ததாம். உள்ளே ஒரு வரைபடம். நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்பு வட்டம். இந்தப் பையை எடுக்கப் போய் உயிரை விட்டவர்கள்தான் ஊரையே காப்பாற்றியவர்கள் என்றார்.

காலையில் பஸ்ஸில் வரும்போதே இந்தப் பேச்சுதான். ஒருத்தரும் நம்பவில்லை. போன தடவை எதிரியின் ரேடியோ என்று காட்டினார்களே, அதில் நம்ம ஊர்க் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது என்று ஒருவர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

எங்கள் கூடத்தில் வாய்க்காரி, துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள். அவள் பெயரே ஓவர்லாக் என்று ஆகிவிட்டது. டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பை மேல பூரா மண்ணு. மூடியில போட்ட மடிப்பு மட்டும் கலையல பாருங்கடி. சண்டை போட ஒரு ஆளு, இஸ்திரி போட ஒரு ஆளுன்னு வெச்சிருப்பாங்க போல."

நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மாஸ்டர் கத்திரியை மேஜைமேல் தட்டென்று வைத்தார். "இதுல சிரிக்க என்ன இருக்கு? அவ்ளோ பெரிய அதிகாரி பொய்யா சொல்லுவாரு? பேசாம சாப்பிடுங்க."

வழக்கமாகச் செய்தி ஓடினாலே புளுகு மூட்டை என்று டிவியை அணைத்துவிடுகிற மனிதர். ஓவர்லாக் என் காதைக் கடித்தாள். யூனிஃபார்ம் ஆர்டர் ஏதோ வரப்போகிறதாம், அதற்குத்தான் இப்போதே தாளம் போடுகிறாராம்.

எனக்கு அதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரி பையைத் திறந்து காட்டியிருந்தார். பேனா சொருகுகிற பட்டை இடது பக்கம் இருந்தது.

போன வாரம் ஒரு தரகர் வந்து, ஏதோ நாடகத்துக்கு என்று சொல்லி, அவசர அவசரமாகச் சில காக்கிப் பைகளைத் தைத்து வாங்கிப் போனார். மாஸ்டர் ஏதோ நினைப்பில் பட்டைக்குச் சாக்பீஸ் கோட்டைத் தப்பான பக்கம் போட்டுவிட்டார். வலது பக்கம் வர வேண்டியது இடது பக்கம் போய்விட்டது. பிரிக்க நேரமில்லை. அப்படியே கொடுத்துவிட்டோம். தைத்தவள் நான்.

வாயைத் திறக்கப் போனேன். மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே பேசுகிறார். இப்படியும் ஒரு மனுஷனா என்று இருந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து பெட்டியக்கா வந்தார்.

இஸ்திரிப் பெட்டி பிடிக்கிறவர் என்பதால் அந்தப் பெயர். போன மாதம் அந்த முகாமுக்குப் போய்த் திரும்பி வராதவர்களில் அக்காவின் ஒரே மகனும் ஒருவன். வீட்டில் தனியாக உட்கார முடியவில்லை என்று, அழுது ஓய்வதற்குள்ளேயே வேலைக்கு வந்துவிட்டார். வந்ததிலிருந்து யாரோடும் பேச்சில்லை. துணியைப் பார்த்துத்தான் தேய்க்கிறாரா என்றுகூட எங்களுக்குச் சந்தேகம். கை மட்டும் தன் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கும்.

அக்காவைக் கண்டதும் ஓவர்லாக் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா டிவியைப் பார்த்தார். பிறகு மாஸ்டரிடம் வந்து நின்றார்.

"நீங்க துணி தெரிஞ்சவரு மாஸ்டர். நீங்களே சொல்லுங்க. அது நெஜமா அவங்க பைதானா? அதை எடுக்கத்தான் எம்புள்ள போனானா?"

மாஸ்டர் டிவியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க பைதாம்மா" என்றார் மாஸ்டர். "அந்தத் துணி நம்ம பக்கம் கெடைக்காது. தையலும் நம்ம ஆளுங்க தையல் இல்ல. உங்க புள்ள போகலேன்னா நாங்க இன்னைக்கு இங்க ஒக்காந்து சாப்பிட்டிருக்க முடியாது."

"சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்.

நான் கை கழுவப் போனபோது குழாயடியில் மாஸ்டர் நின்றிருந்தார். அவருடைய டிபன் பாக்ஸ் வெட்டு மேஜையில் திறக்காமலே கிடந்தது. குழாயைப் பார்த்தபடி அவரே சொன்னார்.

"பொய்தாம்மா. புள்ளையும் போயி, போன காரணமும் இல்லேன்னு ஆயிட்டா, அந்தம்மா எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கும்?"

அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் எனக்கு நெஞ்சில் குத்தியது.

தைத்து முடித்த துணிகளை எடுத்துக்கொண்டு இஸ்திரி மேஜைக்குப் போனேன். சும்மா வைத்துவிட்டு வர மனசு வரவில்லை. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, நாக்குக் குழறியது.

"மாஸ்டர் சொன்னது நெஜந்தாங்க்கா. நானும் நல்லாப் பாத்தேன். நம்ம தையலே இல்ல."

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நீயுமாம்மா" என்றார். குரலில் கோபமில்லை. "மூடியோட மூலைய உள்பக்கமா மடிச்சுத் தேய்க்கிறது இங்க நான் ஒருத்திதான். கலையலேன்னு சிரிச்சாளே ஓவர்லாக்கு, அந்த மடிப்பு நான் போட்டது."

பிறகு எதற்கு மாஸ்டரிடம் கேட்டீர்கள் என்றேன்.

"ஊரே சிரிக்குது. ஒருத்தர் வாயாலயாவது நெஜம்னு கேட்டுடணும்போல இருந்துச்சு."

பெட்டியை மறுபடி கையில் எடுத்தார். வெட்டு மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும்னு மாஸ்டர்கிட்ட சொல்லிடாத. மனுஷன் இப்பத்தான் சாப்பாட்டைத் திறந்திருக்காரு."