அஞ்சாவது தலை

இப்பல்லாம் சிக்னல் கேமரா வண்டிக்குள்ள தலைய எண்ணுது. அஞ்சு தலை இருந்தா உடனே பச்சை, இல்லன்னா நில்லு. எங்க ஆட்டோவுல தாவூத் பாய் ஓட்டுறாரு, பக்கத்துல நான், பின்னாடி அம்மா, பிரசவ வலியில ஜெசிந்தா அக்கா. காளவாசல் சிக்னல் போர்டுல நாலுன்னு காட்டிட்டு சிவப்பு விழுந்துருச்சு.

"யோவ் கேமரா, வயித்துக்குள்ள ஒண்ணு இருக்குய்யா!"ன்னு கத்துறேன்.

"அதுகிட்ட என்னடா பேச்சு? எவனையாச்சும் ஏத்துடா!"ன்னு அக்கா அலறுது.

ஆள் புடிக்க டீக்கடைக்கு ஓடப் பாத்தேன்.

"நீ இறங்குனா மூணாயிரும், உக்காருடா!"ன்னு பாய் சட்டையப் புடிச்சு இழுத்தாரு.

சட்டுனு பச்சை. போர்டுல அஞ்சு.

"பாய், கேமராவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு"ன்னு திரும்புனா, அம்மா முந்தானையில ஒரு குட்டித் தலை, வாயத் தொறந்து கத்துது.